சுவான்சோவில் கண்ட கண்ணன்

கொழும்பு நூதனசாலைக்குப் போனவர்கள் அந்த மும்மொழிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். 1911ஆம் ஆண்டு காலியிலே கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பெயரோடு தொடர்புடைய அக்கல்லில் 1409 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தபிரானையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. ஒரு சீனத் தளபதிக்குத் தமிழ் எழுதிக் கொடுத்தவர் யார்? இக்கேள்விதான் என்னைச் சுவான்சோவுக்கு இழுத்துச் சென்றது.

சுவான்சோ, தென்கிழக்குச் சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்தில் உள்ள பழந்துறைமுகம். (குவாங்சோ வேறு, பலர் குழம்பிவிடுகிறார்கள்.) மார்க்கோ போலோவும் இப்னு பதூதாவும் வியந்த சைத்தூன் இதுவே. 2021இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

முதல்நாட் காலை ஒரு சிறு கடையில் அமர்ந்தேன். கடைக்கார அம்மா சுண்டுவிரல் உயரக் கிண்ணத்தில் ஊற்றி வைத்து, "தே" என்றார். திடுக்கிட்டேன். சீனத்தின் பெரும்பகுதியில் 'சா' எனப்படுவது இவ்வட்டாரப் பேச்சில் 'தே'. அது கப்பலேறி ஐரோப்பியர் வாய்வழியாக நம்மிடம் வந்து தேநீரும் தேயிலையும் ஆயிற்று. நாம் சீனி என்று சொல்லும் பொருளை மட்டும் அங்கே கேட்கக்கூடாது. சீனியில்லாமலே குடிக்க வேண்டும். அது அயலிலுள்ள அன்சி மலையில் விளைந்த தேயிலை. பெயர் 'இரும்புக் குவான்யின்'. குவான்யின், சீனர் வணங்கும் கருணைத் தெய்வம். இந்தியாவில் அவலோகிதேஸ்வரர் என்ற ஆண் வடிவில் இருந்து, சீனத்துக்கு வந்து பெண்ணானவர்.

பின்பு கையுவான் கோயிலுக்குச் சென்றேன். 686இல் எழுந்த பௌத்தக் கோயில். உட்கூரையைத் தாங்கிச் சிறகுள்ள தேவமாதர் இருபத்துநால்வர் நிற்கின்றனர். சிலர் கைகளில் வாத்தியங்கள். அன்றிரவு நான் கேட்ட நான்யின் இசையிலும் அத்தகைய வாத்தியங்கள் ஒலித்தன. வீணைபோல் மடியில் கிடத்தி மீட்டும் பிப்பா, நெட்டாகப் பிடித்து ஊதும் குழல். மிக மெதுவான பாட்டு. ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு அது அலுப்புத் தட்டாது.

ஆனால் நான் தேடியது மண்டபத்தின் பின்புறத்தில் இருந்தது. பதினாறு பட்டைகள் கொண்ட இரு கருங்கற்றூண்கள். ஒன்றிலே உரலில் கட்டுண்ட குழந்தை மருதமரங்களைச் சாய்க்கிறது. இன்னோரிடத்தில் முதலை யானையின் காலைக் கவ்வியிருக்கிறது. நரசிம்மரும் உண்டு. உடன்வந்த மாணவனுக்கு ஒவ்வொரு கதையாகச் சொன்னேன். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கதை எனக்குத் தெரிந்தது. உளி பிடித்தவன் பெயர் எவருக்கும் தெரியாது.

இந்நகரில் கிடைத்த ஒரு தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1203 சித்திரையில், அதாவது 1281இல், சம்பந்தப்பெருமாள் என்பவர் மங்கோலிய மன்னரின் உடல்நலம் வேண்டி இங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைக் கூறுகிறது. காலிக் கல்லுக்கு 128 ஆண்டுகள் முந்தியது! சிவனுக்கு எடுத்த ஊரில் கண்ணன் கதைகள் இருப்பது எனக்கு வியப்பல்ல. வணிகர் கூட்டத்தில் இரு சாராரும் இருந்திருப்பர்.

அக்கோயில் நிலைக்கவில்லை. 1357 முதல் 1366 வரை நகரில் பெருங்கலகம். அதன் முடிவில் அந்நியர் கொல்லப்பட்டனர், எஞ்சியோர் ஓடினர். அதை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. இடிந்த கோயிலின் தூண்களை மிங் காலத்தில் பௌத்தத் திருப்பணிக்கு எடுத்துக்கொண்டார்கள். காப்பாற்றினார்களா, கவர்ந்துகொண்டார்களா? தூணில் கை வைத்தபடி நெடுநேரம் நின்றேன். கோபம் வரவில்லை; வந்திருக்க வேண்டுமோ என்றும் தோன்றியது.

மறுநாள் நகருக்கு வெளியே சிதியன் கிராமத்துக்குப் போனோம். சிறு கோயிலில் நான்கு கரங்களோடு ஒரு கற்சிலை, இருபுறமும் பணிப்பெண்கள். நம் கண்ணுக்கு அது அம்மன். கும்பிட்டுக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர், "குவான்யின்" என்றார். மாணவன் என்னைப் பார்த்தான், மறுத்துச் சொல்லட்டுமா என்பதுபோல. வேண்டாமென்று தலையசைத்தேன்.

"உங்கள் ஊரிலும் இவள் இருக்கிறாளா?" என்று ஆச்சி கேட்டார்.

"இருக்கிறாள்."

"அங்கேயும் நாலு கையா?"

"சில இடங்களில் எட்டு" என்றேன்.

ஆச்சி பொக்கை வாயால் சிரித்துவிட்டு, மூன்று ஊதுபத்திகளைக் கொளுத்தி என் கையில் தந்தார்.