அதே சம்பளம், வேற வேலை: வேண்டாம்னு சொன்னா ரிடண்டன்ஸி பணம் போயிடுமா?

இந்த வாரம் பிரிட்டன்ல வேலை பார்க்கிற நம்ம ஆட்களுக்கான விஷயம். ரீடிங்ல இருக்கிற ஒரு தம்பி கேட்டார்: "ஆபீஸ மூடுறாங்க. லீட்ஸ் வந்து நைட் ஷிஃப்ட் சப்போர்ட் வேலை பாருன்னு ஆஃபர் தர்றாங்க. சம்பளம் அதேதான். இப்போ நான் டீம் லீட். வேண்டாம்னு சொன்னா ரிடண்டன்ஸி பணம் கிடையாதுன்னு ஹெச்.ஆர். சொல்றாங்க. நிஜமாவா அண்ணா?"

பாதி நிஜம். அந்தப் பாதியை வெச்சுத்தான் நிறைய பேரைப் பயமுறுத்துறாங்க.

முதல்ல எவ்வளவு பணம்னு பார்த்துடலாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 2 வருஷம் முடிச்சிருந்தாதான் சட்டப்படி ரிடண்டன்ஸி பணம் உண்டு. 22 முதல் 40 வயது வரையான ஒவ்வொரு முழு வருஷ சர்வீஸுக்கும் ஒரு வாரச் சம்பளம். 41-க்கு மேல ஒன்றரை வாரம், 22-க்குக் கீழ அரை வாரம். வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பும் இருக்கு. 2025 ஏப்ரல் 6 முதல் 2026 ஏப்ரல் 5 வரை வேலை போனவர்களுக்கு அது 719 பவுண்டு. ஒவ்வொரு ஏப்ரலும் மாறும்.

தம்பிக்கு 32 வயசு, வருஷச் சம்பளம் 42,000. வாரத்துக்கு 807 பவுண்டு வந்தாலும் 719-தான் கணக்கு. 4 வருஷத்துக்கு 2,876 பவுண்டு. 3 வருஷம் 11 மாசம்னா 3 வருஷமாத்தான் எடுப்பாங்க. கம்பெனி தன் பங்குக்குக் கூடுதலா தந்தாலும், ரெண்டும் சேர்ந்து 30,000 பவுண்டு வரை வரி கிடையாது. ஆனா நோட்டீஸ் பே, லீவு பணத்துக்கு வழக்கம்போல வரி பிடிப்பாங்க.

இப்போ மறுக்கிற விஷயம். 1996-ஆம் வருஷ எம்ப்ளாய்மென்ட் ரைட்ஸ் ஆக்ட், பிரிவு 141. பணம் போகணும்னா இரண்டும் சேர்ந்து நடக்கணும்: தந்த வேலை உங்களுக்குப் பொருத்தமானதா இருக்கணும், அதை நீங்க நியாயமில்லாம மறுத்திருக்கணும். ஆஃபரும் பழைய வேலை முடியறதுக்கு முன்னாடியே வந்திருக்கணும், புது வேலை 4 வாரத்துக்குள்ள தொடங்கணும்.

பொருத்தம்னா சம்பளம் மட்டும் இல்ல. பதவி, வேலை நேரம், இடம், உங்க திறமை எல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பாங்க. 1969-ல கென்ட் கவுண்டி கவுன்சில் வழக்கு ஒண்ணு. பள்ளித் தலைமை ஆசிரியரா இருந்தவரை, தேவைப்படற பள்ளிக்கெல்லாம் அனுப்பற ஆசிரியர் குழுவுல போட்டாங்க. சம்பளத்துல ஒரு பைசா குறையாது. ஆனாலும் அது பொருத்தமான வேலை இல்லைன்னு கோர்ட் சொல்லிடுச்சு.

இரண்டாவது கேள்வி உங்க சொந்த நிலைமை பத்தினது: குழந்தையை யார் பார்த்துப்பாங்க, மனைவியோட வேலை, உடம்பு, பயண நேரம். வேலை பொருத்தமா இருந்தாலும் நீங்க மறுத்தது நியாயம்னு ஆகலாம். கேம்பிரிட்ஜ் கூட்டுறவுச் சங்கத்து இறைச்சிக் கடை மேனேஜர் ஒருத்தருக்கு சூப்பர் மார்க்கெட்டுக்குள்ள ஒரு பிரிவைக் கொடுத்தாங்க. "என் மதிப்பு குறையுது"ன்னு மறுத்தார், அது செல்லுபடியாச்சு.

அதனால "வேண்டாம்"னு ஒத்தை வரியில மெயில் போட்டுடாதீங்க. காரணங்களை ஒவ்வொண்ணா எழுதுங்க. அதுக்கு முன்னாடி உங்க கான்ட்ராக்ட்ல மொபிலிட்டி க்ளாஸ் இருக்கான்னு பாருங்க. இருந்தா லீட்ஸ் போகச் சொல்றதுக்கே கம்பெனிக்கு உரிமை இருக்கலாம்.

முடிவெடுக்க முடியலையா? புது வேலையோட நிபந்தனைகள் வேறயா இருந்தா 4 வார ட்ரையல் சட்டப்படியே உண்டு. பார்த்துட்டு, நியாயமான காரணத்தோட விலகினா பழைய ரிடண்டன்ஸி உரிமை அப்படியே இருக்கும். ஆனா அது காலண்டர் வாரம். நடுவுல கிறிஸ்துமஸ் லீவு வந்தாலும் நாள் ஓடிட்டேதான் இருக்கும். 4 வாரம் தாண்டி ஒரு நாள் வேலை பார்த்தாலும் அந்த உரிமை போச்சு.

பணம் தரலைன்னா ட்ரிப்யூனல் போக 6 மாசம் டைம். முதல்ல ஏகாஸ் வழியா சமரச நோட்டீஸ் கொடுக்கணும். அநியாயமா வேலையை விட்டு எடுத்தாங்கன்னு தனியா வழக்குப் போடறதா இருந்தா அதோட கெடுவைத் தனியா பார்த்துக்கணும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

தம்பி ஸ்கில்டு வொர்க்கர் விசாவுல இருக்கார். அவருக்கு 2,876 பவுண்டை விடப் பெரிய கணக்கு இதுதான்: வேலை போனா ஸ்பான்சர் ஹோம் ஆபீஸுக்குச் சொல்லிடுவாங்க, அங்கிருந்து கடிதம் வந்தா வழக்கமா 60 நாள்தான். டீம் லீட்லேர்ந்து சப்போர்ட்டுக்கு மாறினா ஆக்குபேஷன் கோடு மாறி, புது விசா விண்ணப்பமே தேவைப்படலாம். லீட்ஸ் ஆஃபருக்குப் பதில் போடறதுக்கு முன்னாடி, அந்தக் கோடு என்னன்னு எழுத்துல கேட்டு வாங்கச் சொல்லியிருக்கேன்.