டிக் லெபோ: தற்காப்பின் இலக்கணத்தை மாற்றியவர்

அமெரிக்கக் கால்பந்தில் இன்று எல்லா அணிகளும் கையாளும் ‘ஸோன் பிளிட்ஸ்’ உத்தியை வளர்த்தெடுத்தவர் டிக் லெபோ. 1937-இல் ஒஹாயோ மாநிலத்தின் லண்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். 1959-இல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்து, சீசன் தொடங்கும் முன்பே விடுவித்தது. டெட்ராய்ட் லயன்ஸ் சேர்த்துக்கொண்டது. அங்கே கார்னர்பேக்காக 14 சீசன்கள் ஆடி, எதிரணியின் 62 பாஸ்களை இடைமறித்துப் பிடித்தார்.

1973-இல் பிலடெல்பியா ஈகிள்ஸில் பயிற்சியாளரானார். 1984-இல் சின்சினாட்டி பெங்கால்ஸின் தற்காப்பு அவர் பொறுப்புக்கு வந்தது. பயிற்சியாளர் பில் வால்ஷின் சான் பிரான்சிஸ்கோ பாணியில் குறுகிய தூரப் பாஸ்கள் பரவிய காலம் அது. பந்தெறியும் குவார்ட்டர்பேக்கை மடக்கக் கூடுதல் ஆட்களை அனுப்பினால் பின்னால் இடம் காலியாகும். பந்து அங்கே போய்விடும். அனுப்பாவிட்டால் அவர் நிதானமாகக் குறிபார்ப்பார்.

லெபோ இரண்டுக்கும் வழி கண்டார். அதுதான் ஸோன் பிளிட்ஸ். பின்னே நிற்கும் லைன்பேக்கரோ சேஃப்டியோ திடீரெனப் பாய்வார். முன்வரிசையின் பருத்த வீரர் ஒருவர், பாய்வதுபோல் காட்டிவிட்டுப் பின்வாங்கிக் காலி இடத்தை அடைப்பார். பாய்பவர்கள் பெரும்பாலும் ஐவர்தான். எந்த ஐவர் என்பது பந்து கைமாறும்வரை எதிரணிக்குப் பிடிபடாது.

2000 முதல் 2002 வரை பெங்கால்ஸின் தலைமைப் பயிற்சியாளராக 45 ஆட்டங்களில் 12 வெற்றியே கிட்டியது. ஆனால் 2004-இல், முன்பு பணியாற்றிய பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குத் தற்காப்புப் பயிற்சியாளராகத் திரும்பியதும் பொற்காலம் தொடங்கியது. 2005, 2008 சீசன்களில் அணி சூப்பர் பவுல் வென்றது. 2008-இல் லீகிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்ததும் அந்தத் தற்காப்புதான்.

அந்த சீசனின் இறுதி ஆட்டத்தில், முதல் பாதியின் கடைசி நொடிகள். டச்டவுனுக்கு ஒரு கஜ தூரத்தில் எதிரணியான அரிசோனா. லைன்பேக்கர் ஜேம்ஸ் ஹாரிசன் பாய்வதுபோல் ஓரடி வைத்துப் பின்வாங்கினார். அரிசோனாவின் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் எறிந்த பந்து நேராக அவர் கைக்கு வந்தது. 100 கஜம் ஓடி டச்டவுன் அடித்தார். பிட்ஸ்பர்க் 27–23 என வென்றது.

ஸ்டீலர்ஸ் வீரர்கள் லெபோவைத் தந்தையாகவே மதித்தார்கள். 2007-இல் ஹால் ஆஃப் ஃபேம் அமைந்துள்ள கேன்டனில் ஆடச் சென்றபோது, அவருடைய பழைய 44-ஆம் எண் லயன்ஸ் சட்டையை அணிந்து வந்தார்கள். ஹால் ஆஃப் ஃபேம் 2010-இல் அவரை வீரராகவே சேர்த்துக்கொண்டது. டென்னசி டைட்டன்ஸில் 2017 சீசனுடன் பணி முடித்தபோது, வீரராகவும் பயிற்சியாளராகவும் தொடர்ந்து 59 சீசன்களை நிறைவு செய்திருந்தார்.