தலைகீழாகத் தொங்கினால் முதுகுவலி தீருமா?

தீராத முதுகுவலிக்காரர் இருக்கும் வீடுகளில் இதற்கென்றே ஒரு மூலை உண்டு. இடுப்பு பெல்ட், வெந்நீர்ப் பை, மசாஜ் மெஷின், விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய தலையணை என்று எல்லாம் அங்கே குவிந்திருக்கும். அந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்திருப்பது ‘இன்வெர்ஷன் டேபிள்’. இரும்புச் சட்டத்தின் நடுவே ஊஞ்சல்போல ஆடும் ஒரு பலகை. கணுக்கால்களைப் பூட்டிக்கொண்டு அதில் சாய்ந்தால், தலை கீழே போகும், கால் மேலே எழும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை, அப்பா பாவம் என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டு அனுப்பிவிடுகிறார். அப்பாவுக்கு பி.பி. இருப்பதும், கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருப்பதும் விற்பவருக்குத் தெரியாது.

யோசனை என்னவோ பழையதுதான். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்கத்தில், கூன் விழுந்தவரை ஏணியில் தலைகீழாகக் கட்டிக் குலுக்குகிற வைத்தியம் இருந்தது. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் உள்ள மருத்துவ நூல் அந்த முறையை விவரமாகச் சொல்லிவிட்டு, கூட்டத்தை வாய் பிளக்க வைக்க ஆசைப்படும் வைத்தியர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள் என்று ஒரு குட்டும் வைக்கிறது. இன்றைய விளம்பர வீடியோக்களுக்கும் அந்தக் குட்டு பொருந்தும்.

ஆனாலும், தொங்கியவர்களில் பலர் ‘சுகமாக இருக்கிறது’ என்று சொல்வது பொய்யல்ல. முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க், நாள் முழுக்க உடல் எடையால் அழுந்தி, கொஞ்சம் கொஞ்சமாக நீரை இழக்கிறது. இரவு படுத்ததும் மறுபடி ஊறுகிறது. காலையில் அளந்தால் நம் உயரம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டராவது கூடுதலாக இருப்பது அதனால்தான். 1960-களில் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். படுத்திருக்கும்போது மிகக் குறைவாகவும், நிற்கும்போது கூடுதலாகவும், முன்னால் குனிந்து உட்காரும்போது அதைவிடக் கூடுதலாகவும் இருந்தது. தலைகீழ்ப் பலகை இன்னும் ஒரு படி மேலே போய், எடையை எதிர்த் திசையில் இழுக்க வைக்கிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு இடுப்புக்கு மேலே ஏறக்குறைய 35 கிலோ இருக்கும். பலகை 30 டிகிரி சாய்ந்தால் அதில் பாதி, சுமார் 17 கிலோ, இடுப்பை இழுக்கும். முதுகு பலகையில் உரசுவதால் உண்மையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஆஸ்பத்திரியில் இடுப்பில் பெல்ட் கட்டி எடை தொங்கவிடும் ‘டிராக்‌ஷன்’ செய்கிற வேலையும் இதேதான்.

சிக்கல், எழுந்து நின்றவுடன் அதே எடை திரும்பி வந்துவிடுவதுதான். எடை அழுத்தாவிட்டாலே முதுகு குணமாகிவிடும் என்றால், விண்வெளி வீரர்களுக்கு முதுகுவலியே வரக் கூடாது. அங்கே போன முதல் சில நாட்களில் அவர்களில் பலருக்கு முதுகு வலிக்கிறது. பூமிக்குத் திரும்பிய பிறகு டிஸ்க் பிதுங்கும் ஆபத்தும் மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம்.

இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்து 2012-ல் வெளியான ஒரு ஆய்வைத்தான் விற்பனையாளர்கள் அடிக்கடி காட்டுவார்கள். டிஸ்க் பிதுங்கி ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர்களில், தலைகீழ்ப் பலகையைப் பயன்படுத்திய 13 பேரில் 10 பேருக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 13 பேர் என்பது ஒரு கல்யாணப் பந்தியில் கால் வரிசைகூட இல்லை. அதுவும் மருத்துவர்கள் தேர்ந்தெடுத்த, ஒரே ஒரு டிஸ்க் மட்டும் பிதுங்கியவர்கள். சாதாரண நாள்பட்ட முதுகுவலிக்கு டிராக்‌ஷன் வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டியின் நிலை. அது பரிந்துரைப்பது முறையான உடற்பயிற்சியை.

பணம் போனால் போகட்டும். கண் போனால்? சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள், சிரசாசனம் செய்து பழகிய 75 பேரின் கண் அழுத்தத்தை அளந்து 2006-ல் வெளியிட்டார்கள். தலைகீழாக நிற்கும்போது அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. நல்ல கண் சிறிது நேரம் இதைத் தாங்கிக்கொள்ளும். கிளாக்கோமா இருப்பவருக்கு அப்படி விட்டுவிட முடியாது. சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், இதய நோய் உள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், எலும்பு தேய்ந்தவர்கள் - இவர்கள் யாரும் மருத்துவர் சொல்லாமல் அந்தப் பலகையில் ஏறக் கூடாது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்மானம் வெளியே தெரியாமலே இருக்கலாம்.

இந்தச் சிக்கல் எதுவும் இல்லை, மருத்துவரும் சரி என்றார் என்றால் முயன்று பார்க்கலாம். முதலில் 15, 20 டிகிரி சாய்வு போதும். ஓரிரு நிமிடங்களில் திரும்பிவிட வேண்டும். முழுக்கத் தலைகீழாகத் தொங்கத் தேவையே இல்லை. பலகையின் அடியில் உள்ள பட்டை, சாய்வு அதற்கு மேல் போகாமல் தடுப்பது. அதை மாட்டாமல் ஏறக் கூடாது. சாப்பிட்ட கையோடு வேண்டாம். எழும்போது படுக்கை மட்டத்தில் சற்று நிறுத்தி, பிறகு நிமிரவேண்டும். இல்லாவிட்டால் தலை சுற்றும்.

எல்லாவற்றையும்விட உயர அளவுதான் முக்கியம். ஐந்தே முக்கால் அடி அப்பாவுக்கு வைத்த அளவில் ஐந்தடி அம்மா ஏறினால் பலகையின் சமநிலை மாறிவிடும். சொன்ன பேச்சைக் கேட்காது. கால் பூட்டியிருப்பதால் தானாக இறங்கவும் முடியாது. ஆள் மாறும்போதெல்லாம் அளவை மாற்ற வேண்டும், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். வீட்டில் யாரும் இல்லாத மதிய நேரத்தில் தனியாகத் தொங்கிப் பார்ப்பது விபரீதம்.

தொங்கி எழுந்த பிறகு கிடைக்கும் வலியில்லாத அரை மணியை டி.வி. முன்னால் உட்கார்ந்து கழிக்காமல் நடப்பதற்கும், பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்த பயிற்சிகளுக்கும் செலவழித்தால் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. ஆனால் காலில் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் வருவது தெரியாமல் போனாலோ, அதை வலி என்று நினைத்துப் பலகையில் ஏறக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ராத்திரியானாலும்.