எண்களால் ஆன படம்

திறன்பேசித் திரையில் தெளிவாகத் தெரிந்த ஒளிப்படம், சுவரில் மாட்டுவதற்காகப் பெரிதாக அச்சிட்டதும் மங்கிவிடுவது ஏன்? திரையில் கண்ட நிறம் தாளில் மாறுவது ஏன்? மறைந்த முன்னோரின் பழைய படத்தை மென்பொருளால் தெளிவாக்கினால், கிடைப்பது அவர் முகம்தானா? மின்னணுப் படங்களைக் கையாளும் பலருக்கும் எழும் வினாக்கள் இவை. விடை காண, அப்படம் எதனால் ஆனது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மின்னணுப் படம் என்பது எண்களின் அடுக்கு. கட்டமிட்ட தாளைப் போலப் படத்தை நுண்ணிய சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின் நிறத்தையும் கணினி எண்ணாகக் குறித்து வைக்கிறது. அச்சதுரமே பிக்சல் எனப்படும் படப்புள்ளி. 1957ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர் ரஸ்ஸல் கிர்ஷ், தம் கைக்குழந்தையின் ஒளிப்படத்தை வருடியின் வழியே கணினியில் ஏற்றினார். அகலத்தில் 176, உயரத்தில் 176 என 30,976 புள்ளிகளே அதில் இருந்தன. இன்று திறன்பேசியில் எடுக்கும் படத்தில் 4000 × 3000, அதாவது 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் இருப்பது இயல்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று அளவுகள் உண்டு. ஒவ்வோர் அளவும் 0 முதல் 255 வரை அமையும். இவற்றின் சேர்க்கையால் 1,67,77,216 நிறங்களைக் குறிக்க இயலும்.

நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது அச்சுத்தொழிலின் பொதுக்கணக்கு. 600 புள்ளி அகலமுள்ள படம், அக்கணக்கின்படி 2 அங்குல அகலத்திற்கே போதுமானது. அதனை 20 அங்குலத்திற்கு விரித்தால், அங்குலத்திற்கு 30 புள்ளிகளே கிடைக்கும். படம் மங்காமல் என்ன செய்யும்? நிற மாற்றத்திற்குக் காரணம் வேறு. திரை தானே ஒளியை உமிழ்கிறது; தாளோ தன்மீது விழும் ஒளியையே திருப்பி அனுப்புகிறது. சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளால் திரையின் எல்லா நிறங்களையும் உருவாக்க இயலாது.

சேமிக்கும் முறையில்தான் பலரும் அறியாத இழப்பு நிகழ்கிறது. மேற்கூறிய 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகளை அப்படியே சேமிக்க 3 கோடியே 60 இலட்சம் பைட்டுகள் தேவை. 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை இதனைப் பன்மடங்கு சுருக்குகிறது. மனிதக் கண், ஒளியின் ஏற்றத்தாழ்வை உணரும் அளவுக்கு நிறத்தின் நுண்மாற்றங்களை உணர்வதில்லை. இதனை அறிந்து, படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத விவரங்களை அம்முறை நீக்கிவிடுகிறது. நீக்கியவை மீண்டும் வாரா. படத்தைத் திறந்து பார்ப்பதால் மட்டும் அது தேய்வதில்லை. திருத்தித் திருத்தி மீண்டும் சேமிக்கும்போதே இழப்பு கூடுகிறது. பிஎன்ஜி முறையில் இவ்விழப்பு இல்லை. கோப்பு மட்டும் பெரிதாகும்.

படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள், இல்லாத புள்ளிகளை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணித்து நிரப்புகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோ ஒருபடி மேலே சென்று, எண்ணற்ற முகங்களிலிருந்து கற்றவற்றைக் கொண்டு இமையையும் தோல் சுருக்கத்தையும் தாமே வரைகின்றன. பாட்டியின் மங்கிய படம் பளிச்சிடும். ஆனால் அந்தச் சுருக்கம் பாட்டியுடையது அன்று. வீட்டுச் சுவருக்கு அது போதும் என்று சிலர் கருதலாம். ஆவணத்திற்குப் போதாது.

ஓலைச்சுவடிகளைப் படமாக்கும்போது இச்சிக்கல் மேலும் கூர்மையாகிறது. ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடாமல் எழுதுவது சுவடி வழக்கு. அத்தகைய ஓலையின் படத்தில் ஒரு கரும்புள்ளி தென்பட்டால், அது பூச்சி அரித்த துளையா, தூசியா, எழுத்தாணி பதித்த தடமா என்று பதிப்பாசிரியர் ஆராய்ந்தே முடிவு செய்வார். கறைநீக்கும் கருவிக்கு அந்த வேறுபாடு தெரியாது. மூன்றையும் ஒருசேரத் துடைத்துவிடும். ஆதலால், வருடியில் முதலில் கிடைத்த கோப்பில் கைவைக்காமல், அதன் படியொன்றிலேயே ஒளியையும் நிறத்தையும் திருத்துதல் முறையாகும். திருத்திய படியில் ஓர் எழுத்து ஐயத்திற்கு இடமளித்தால், மூலக் கோப்பைத் திறந்து அந்த இடத்தை உருப்பெருக்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.