உங்களுக்குத் தெரியுமா? செருப்புப் பசைக்குள் இருக்கும் டொலுவீன்

குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது அங்கே தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால். அதுபோன்ற தோலைச் செருப்பாக ஒட்டும் பசைகள் பலவற்றில் ரப்பரைக் கரைத்து வைத்திருப்பது டொலுவீன். பசையைத் தடவியதும் தொழிலாளி உடனே ஒட்டமாட்டார், சற்று உலரவிடுவார். அதற்குள் டொலுவீன் ஆவியாகிவிடும், ரப்பர் மட்டும் பிசுபிசுவென்று தங்கும். பெயின்ட் தின்னரிலும் இது உண்டு.

இதன் கொதிநிலை சுமார் 111 டிகிரி செல்சியஸ். ஆனால் 4 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும். தாம்பரத்தில் மார்கழி விடியற்காலைகூட இதைவிட வெப்பமானது! ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். தரையோடு படர்ந்து தள்ளியிருக்கும் அடுப்பில்கூடப் பற்றிக்கொள்ளும். சுவாசித்தால் தலை சுற்றும், ஆண்டுக்கணக்கில் அதிகமாகச் சுவாசித்தால் மூளையே பாதிக்கப்படும். பசை வேலை நடக்கும் அறையில் ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.