இருதயத்தின் மேல் கத்தி!

"பொறுத்துக்கொள்" என்பதற்குச் சீன மொழியில் ஓர் எழுத்து உண்டு. மேலே கத்தி முனை, கீழே இருதயம்! பொறுமை எவ்வளவு வலிக்கும் என்பதை அந்த ஓர் எழுத்தே சொல்லிவிடும்.

வீட்டின் அவமானம் வெளியே போகக்கூடாது என்பது சீனப் பழமொழி. பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதும் மரியாதை அல்ல. அதனால், வீட்டில் சண்டை முற்றினாலும் பலர் டாக்டரிடம் வாயைத் திறப்பதில்லை.

1988-ம் ஆண்டு ஜெர்மன் நிபுணர்கள் குன்மிங் நகருக்கு வந்தார்கள். குடும்பத்தாரை ஒன்றாக உட்கார வைத்துப் பேசும் சிகிச்சை முறையைக் கற்பித்தார்கள். ஆனால், தகப்பனார் எதிரே மகன் எப்படிக் குறை சொல்வான்?

அங்கேதான் உவமை கைகொடுக்கிறது!

தகப்பனாரும் மகனும் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். டாக்டர் அந்த எழுத்தை எழுதிக் காட்டுகிறார். "உங்கள் வீட்டில் யார் நெஞ்சின் மேல் இந்தக் கத்தி இருக்கிறது?" என்று கேட்கிறார். மகன் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். கத்தியைப் பற்றிப் பேசினால் போதும்.

புலியும் மணியும்

தகப்பனாருக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. புத்த மடத்தில் குரு கேட்டார்: "புலியின் கழுத்தில் உள்ள மணியை யாரால் அவிழ்க்க முடியும்?" எல்லோரும் விழித்தார்கள். ஒரு சீடர் மட்டும், "கட்டியவரால் முடியும்!" என்றார்.

இதைக் கேட்கும் தகப்பனார் குற்றவாளியாகத் தலைகுனிய வேண்டியதில்லை. முடிச்சை அவிழ்க்கக்கூடியவரே அவர்தான்!

"நான் கொஞ்சம் கடுமையாக இருந்துவிட்டேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்காக மகன் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தானோ!