கேள்வி கேட்கும் வகுப்பு - 7: மணல் எங்கே போச்சு?

சென்ற வாரம் தேர்வு பயத்தைப் பற்றிப் பார்த்தோம். தேர்வை முன்வைத்து நடக்காத, பட்டமும் சான்றிதழும் தராத பள்ளி ஒன்று புதுச்சேரி நகருக்குள்ளேயே இருக்கிறது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943 டிசம்பர் 2 அன்று, அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை சுமார் 20 பிள்ளைகளோடு அதைத் தொடங்கினார். 1959 முதல் அதற்கு ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம் என்று பெயர். ஆசிரியர் வேலை வாங்குபவர் அல்லர், வழிகாட்டுபவர் என்று அரவிந்தர் 1910-லேயே எழுதிய கருத்துதான் அதன் அடித்தளம். எதைப் படிப்பது, யாரிடம் படிப்பது என்பதை மேல்வகுப்பு மாணவர்களே தேர்ந்தெடுக்கலாம்.

‘பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள், ஆசிரியருக்கு என்ன வேலை?’ என்று நினைத்தால் தவறு. ஒரே பாடத்தை எல்லோருக்கும் நடத்துவது சுலபம். ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று பார்த்து அடுத்த படியைக் காட்டுவதுதான் கடினம். நம் சாதாரணப் பள்ளிகள் கற்க வேண்டியது அந்த உழைப்பை. தேர்வை நீக்குவதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அந்த உழைப்பு எப்படி இருக்கும் என்று பார்க்கப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையையே எடுத்துக்கொள்வோம். அங்கே முன்பு பரந்த மணல் இருந்ததை ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பிறகு கருங்கல்தான் மிஞ்சியது. ஆண்டின் பெரும்பகுதியில் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. 1980-களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புகள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர, வடக்கே கரையைக் கடல் அரித்தது. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட ஐந்து நிமிடம் போதும். பிள்ளைகளும் அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

அதை எழுதாமல், “மணல் எங்கே போச்சு?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒருத்தி பாட்டியிடம் கேட்பாள். ஒருவன் வைத்திக்குப்பம் மீனவர்களிடம் போவான். இருவர் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கயிற்றைப் பிடித்துச் சுவரிலிருந்து ஈரக்கோடு வரை அளப்பார்கள். இரண்டு அளவும் ஒத்துவராது.

“சார், இவன் தப்பா அளந்துட்டான் சார்!”

“ரெண்டு பேரும் எத்தனை மணிக்கு அளந்தீங்க?”

ஆசிரியர் அவ்வளவுதான் கேட்க வேண்டும். கடல் ஏறி இறங்குவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அந்த இடத்தில், கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்தபின் மணல் ஏன் திரும்பச் சேர்ந்தது என்ற அடுத்த கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

இப்படிப்பட்ட தேடலுக்கு மேடையும் உண்டு. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை ஆராய்கிறார்கள். ஆனால் ஆய்வறிக்கையை ஆசிரியரோ அப்பாவோ எழுதித் தந்து, பிள்ளை ஒப்பித்தால் அது பழைய மனப்பாடமேதான். முதல் நாள் தவறாக அளந்த எண் நோட்டில் அடிக்கப்படாமல் இருக்கட்டும். பக்கத்தில் நேரத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் இதற்கு இடம் எங்கே என்பது நியாயமான கேள்வி. அடுத்த வாரம் கால அட்டவணையைப் பிரித்துப் பார்ப்போம்.

(தொடரும்)